பழைய ஆங்கில நூல்களில் ‘குரூம்’ என்ற சொல்லைப் படிப்பது எப்படி?

ஆங்கில இலக்கியத்தைப் புதிதாகப் படிக்கத் தொடங்கும் மாணவரையும், பழைய நாடகங்களையும் கதைகளையும் தமிழாக்கம் செய்ய முனைபவரையும் அடிக்கடி ஏமாற்றும் சொற்களுள் ‘குரூம்’ ஒன்று. ஜி, ஆர், இரண்டு ஓ, எம் என்று ஐந்தே எழுத்துகள் கொண்ட இச்சொல்லுக்கு இன்றைய கையகராதிகள் பெரும்பாலும் இரண்டு பொருள்களைத் தருகின்றன. ஒன்று மணமகன்; மற்றொன்று குதிரைகளைப் பராமரிக்கும் வேலையாள். நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு பக்கத்தில் இச்சொல் வரும்போது, பல இடங்களில் இவ்விரண்டுமே பொருந்துவதில்லை.

ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தை முதன்முறை படித்தபோது நானும் இப்படித்தான் ஏமாந்தேன். மன்னன் டங்கன் கொல்லப்படும் இரவில் அவனுடைய அறையில் மதுமயக்கத்தில் குறட்டை விட்டுக் கிடக்கும் இருவரை அந்நாடகம் ‘குரூம்’ என்ற சொல்லால் குறிப்பிடுகிறது. நான் அகராதியைப் பார்த்துப் பக்க ஓரத்தில் ‘குதிரைக்காரர்கள்’ என்று எழுதி வைத்துவிட்டுக் கடந்து போனேன். மன்னனின் பள்ளியறையில் குதிரைக்காரருக்கு என்ன வேலை என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவதற்கான வழிமுறையையே கீழே படிப்படியாகத் தருகிறேன்.

முதற்படி: மணமகனைத் தனியே பிரித்து வையுங்கள்

இவ்விரு பொருள்களும் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை அல்ல. மணமகனைக் குறிக்கும் ‘பிரைட்குரூம்’ என்ற சொல்லின் மிகப் பழைய வடிவம் ‘பிரைட்குமா’ என்பது. அதில் முற்பகுதி மணமகளையும், ‘குமா’ என்ற பிற்பகுதி ஆண்மகனையும் குறித்தன. காலப்போக்கில் ‘குமா’ பேச்சிலிருந்து மறைந்துபோகவே, பொருள் விளங்காத அந்த ஒலியை மக்கள் தமக்குத் தெரிந்த ‘குரூம்’ என்ற சொல்லோடு பிணைத்துவிட்டனர். இம்மாற்றம் 16ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. ஆகவே மணமகனுக்கும் குதிரை லாயத்துக்கும் இடையே உறவு கற்பிக்கும் விளக்கங்களை எங்கு படித்தாலும் அவற்றை வேடிக்கையாக மட்டுமே கொள்ள வேண்டும். பக்கத்தில் திருமணப் பேச்சு இல்லையென்றால், மணமகன் என்ற பொருளை உடனே ஒதுக்கிவிடலாம்.

இரண்டாம் படி: நூல் எழுதப்பட்ட காலத்தைப் பாருங்கள்

1200ஆம் ஆண்டை ஒட்டிய நூல்களில் ‘குரூம்’ என்பதற்குச் சிறுவன், இளைஞன் என்பனவே பொருள். அதன் மூலம் எம்மொழி என்பதில் அறிஞர்களிடையே இன்றும் உடன்பாடு இல்லை. சிறுவர்கள் பெரிய வீடுகளில் ஏவல் செய்தார்கள் என்பதால், இளைஞன் என்ற பொருளிலிருந்து ஏவலாள் என்ற பொருள் இயல்பாகவே பிறந்தது. அந்த ஏவலாள் அறை கூட்டலாம், விளக்கேற்றலாம், உணவு பரிமாறலாம், குதிரைக்குத் தண்ணீரும் காட்டலாம். அடைமொழி எதுவுமின்றி, தனித்து நிற்கும் இச்சொல்லே குதிரைக்காரனைக் குறிக்கத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

இதற்கு நல்ல சான்று, 1595ஆம் ஆண்டை ஒட்டி ஷேக்ஸ்பியர் எழுதிய இரண்டாம் ரிச்சர்ட் நாடகத்தில் கிடைக்கிறது. அரியணை இழந்து சிறையில் கிடக்கும் ரிச்சர்டைக் காண ஓர் ஏழை ஊழியன் வருகிறான். மன்னருக்குப் பிரியமான பார்பரி என்ற குதிரையின் மீது, அவரிடமிருந்து அரியணையைப் பறித்தவன் முடிசூட்டு நாளில் ஏறிச் சென்றதை அவன் வருத்தத்தோடு சொல்கிறான். இவன் மெய்யாகவே குதிரைக்காரன். ஆனால் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது வெறுமனே ‘குரூம்’ என்று சொல்லாமல், ‘உமது லாயத்துக் குரூம்’ என்றே சொல்கிறான். லாயம் என்ற அடைமொழி இல்லாவிட்டால் அக்காலத்துப் பார்வையாளருக்கு அவன் எந்த வேலை செய்பவன் என்பது விளங்கியிராது. எனவே 1650க்கு முற்பட்ட நூல் என்றால் ஏவலாள் என்று தொடங்கி, குதிரை இருப்பதற்குச் சான்று தேடுங்கள்; 1750க்குப் பிற்பட்ட கதை என்றால் குதிரைக்காரன் என்று தொடங்கி, அது பொருந்தாததற்குச் சான்று தேடுங்கள். இடைப்பட்ட நூறாண்டுகளில் ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியே எடைபோட வேண்டியிருக்கும்.

இதற்குச் சிறிய கையகராதி உதவாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு வரிசையில் மேற்கோள் காட்டும் ஆக்ஸ்போர்டு பேரகராதி போன்ற ஒன்றைப் பாருங்கள். அதன் முதற்பகுதி 1884இல் வெளிவந்தது. முழுமை பெற்றது 1928இல். பல கல்லூரி நூலகங்களில் அதன் தொகுதிகள் தூசி படிந்து கிடக்கும். பொருள் விளக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடாமல், மேற்கோள்களின் ஆண்டுகளை விரலோட்டிப் பார்ப்பதே அதைப் பயன்படுத்தும் முறை.

மூன்றாம் படி: அரண்மனை என்றால், பதவிப் படிகளை அறிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுவே. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். டியூடர் மரபு மன்னர்கள் (1485–1603) காலத்து ஆங்கில அரண்மனை ஒரே வீடாக இயங்கவில்லை. சமையலறை, மடைப்பள்ளிச் சரக்கறை போன்ற கீழ்த்தளப் பிரிவுகள் ஓர் உயரதிகாரியின் கீழும், மன்னர் வாழும் அறைகள் மற்றோர் உயரதிகாரியின் கீழும், லாயங்கள் மூன்றாவது ஓர் உயரதிகாரியின் கீழும் இருந்தன. இப்பிரிவுகள் பலவற்றில் ஊழியர்கள் சார்ஜென்ட், யோமன், குரூம், பேஜ் என்று மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருந்தார்கள். இவ்வடுக்கில் ‘குரூம்’ என்பது ஒரு பதவிநிலையின் பெயர். என்ன வேலை என்பதை அது சொல்வதில்லை. நம் அலுவலகங்களில் ‘உதவியாளர்’ என்ற சொல்லை மட்டும் கேட்டால் அவர் நூலகத்தில் இருக்கிறாரா, ஆய்வகத்தில் இருக்கிறாரா என்று தெரியாததைப் போன்றது இது. உடையறையிலும் குரூம் உண்டு, சமையலறையிலும் குரூம் உண்டு. அவர்கள் தம் பணிக்காலம் முழுவதும் ஒரு குதிரையின் கடிவாளத்தைக்கூடத் தொடாமல் ஓய்வு பெற்றிருக்கலாம்.

எனவே அரண்மனை தொடர்பான நூலில் இச்சொல்லைக் கண்டதும், அதைத் தொடர்ந்து வரும் சொல்லைக் கவனியுங்கள். அறை என்று வந்தால் அவர் மன்னரின் அறைகளில் பணிசெய்பவர். லாயம் என்று வந்தால் குதிரைப் பணியாளர். மக்பெத்தில் வரும் இருவரும் முதல் வகையினர். கொலைக்கு முன்பே சீமாட்டி மக்பெத் அவர்களை அறைக்காவலர் என்ற பொருள்படும் வேறொரு சொல்லால் குறிப்பிட்டுவிடுகிறாள். நான்கு பக்கம் முன்னே திருப்பிப் பார்த்திருந்தால் எனக்குக் குழப்பம் நேர்ந்திராது. இதைப் புரிந்துகொண்டால் கதையின் கொடுமையும் கூடுகிறது. மன்னனின் உயிரைக் காக்கும் பொறுப்பில் அறைக்குள்ளேயே இருப்பவர்கள் என்பதால்தான், அவர்கள் மீது இரத்தத்தைப் பூசிப் பழியைச் சுமத்துவது எளிதாகிறது. லாயத்திலிருந்து வந்து உறங்கியவர்கள் என்றால், அவர்கள் அங்கு இருந்ததே ஒரு விசாரணைக்கு உரிய செய்தியாகியிருக்கும்.

ஷேக்ஸ்பியருக்கு இப்பதவி ஏட்டில் படித்தறிந்த ஒன்றல்ல. 1603இல் அவருடைய நாடகக் குழு மன்னரின் குழுவாக ஏற்கப்பட்டபின், அக்குழுவினர் மன்னரின் அறைப்பணிக் குரூம்கள் என்ற தகுதியைப் பெற்றனர். 1604 மார்ச்சில் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் நகர்வலத்தை ஒட்டி அவருக்கும் சக நடிகர்களுக்கும் ஆளுக்கு நாலரை கஜம் சிவப்புத் துணி வழங்கப்பட்டதாகக் கணக்கேடு சொல்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்பெயின் தூதர் லண்டனில் சாமர்செட் மாளிகையில் தங்கியிருந்தபோது, அக்குழுவைச் சேர்ந்த 12 பேர் 18 நாள்கள் குரூம்களாக அங்குப் பணியில் நின்று ஊதியம் பெற்றார்கள். உலகப் புகழ்பெற்ற நாடகக் குழுவின் நடிகர்களைக் குதிரைக்காரர்கள் என்று எழுதிவிடும் ஆபத்து இங்கும் இருக்கிறது.

இன்னொரு பதவியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ‘குரூம் ஆஃப் தி ஸ்டூல்’ என்பது அதன் பெயர். மன்னர் மலங்கழிக்கப் பயன்படுத்திய இருக்கையைக் கவனித்துக்கொள்வதே அப்பெயர் குறிக்கும் வேலை. கேட்கவே கூச்சம் தரும் இப்பணிக்கு உயர்குடியினர் போட்டியிட்டதற்குக் காரணம் எளிது: மன்னரோடு தனிமையில் இருக்கும் உரிமை வேறெவருக்கும் அந்த அளவு கிடைக்கவில்லை. எட்டாம் ஹென்றியிடம் இப்பதவியில் இருந்த ஹென்றி நாரிஸ், அரசி ஆன் பொலினோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்டு 1536இல் தலை வெட்டப்பட்டார் என்பதிலிருந்தே, அவர் எவ்வளவு நெருக்கமான இடத்தில் இருந்தார் என்பது விளங்கும். பிற்காலத்தில் அந்த இருக்கையின் பெயரை அங்கியைக் குறிக்கும் சொல்போல் எழுத்துகளைச் சற்று மாற்றி எழுதி நாகரிகப்படுத்தினார்கள். 1901இல் ஏழாம் எட்வர்டு அரியணை ஏறியபோது இப்பதவி கைவிடப்பட்டது.

நான்காம் படி: யார், யாரை நோக்கிச் சொல்கிறார் என்று கேளுங்கள்

ஏவலாளரைக் குறிக்கும் சொற்கள் வசவாகத் தேய்வது எல்லா மொழிகளிலும் நிகழ்வதே. தமிழில் சிறுவனைக் குறித்த ‘பையல்’ என்ற சொல் ‘பயல்’ ஆகி என்ன நிலைக்கு வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘நேவ்’ என்ற சொல் நடந்து வந்த பாதையும் ஏறத்தாழ அதுவே. முதலில் சிறுவன், பிறகு ஏவலாள், பிறகு அயோக்கியன். ‘வார்லெட்’ என்பது பிரெஞ்சு வழி வந்தது. வீரனுக்குப் பணிசெய்யும் இளைஞனைக் குறித்த அச்சொல் 16ஆம் நூற்றாண்டில் போக்கிரி என்ற பொருளையும் ஏற்றது. அதன் உடன்பிறப்பான ‘வேலட்’ மட்டும் கெடாமல் தப்பித்து, கனவான்களின் உடைகளைக் கவனிக்கும் பணியாளராக நிலைத்துவிட்டது. நிலப்பிரபுவின் நிலத்தோடு கட்டுண்ட குடியானவனைக் குறித்த சொல்லோ ‘வில்லன்’ ஆகி, நம் திரைப்படங்கள் வரை வந்து சேர்ந்துவிட்டது.

‘குரூம்’ இந்த அளவுக்குக் கெடவில்லை என்றாலும், கோபத்தில் சொல்லப்படும்போது அதிலும் இழிவுக் குறிப்பு ஏறும். ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் நாடகத்தில் மகளின் வீட்டுக்குத் திரும்பிச் செல்லுமாறு சொல்லப்படும்போது, அதைவிட இந்த அருவருக்கத்தக்க குரூமுக்கு அடிமையாகவும் பொதிகுதிரையாகவும் இருப்பேன் என்று லியர் ஆஸ்வால்டைக் காட்டிக் கொதிக்கிறார். ஆஸ்வால்டு பதவியால் குரூம் அல்லன். வீட்டு நிர்வாகத்தையே கவனிக்கும் மேற்பணியாளன். அவனைக் கீழ்ப்படியில் இறக்கிப் பேசுவதே இங்கு வசவாகிறது. இவ்விடத்தில் ‘குதிரைக்காரன்’ என்று எழுதினால் பொருள் திரியும். ‘பணியாள்’ என்று எழுதினால் சூடு ஆறிவிடும். ‘ஏவல் நாய்’ என்பதற்கு அருகில் வரும் ஒன்றைத் தேட வேண்டும். அதே நாடகத்தில் தன் கோமாளியை லியர் ‘நேவ்’ என்று கொஞ்சலாக அழைப்பதையும் பார்க்கலாம். பேரனைப் ‘பயலே’ என்று தாத்தா அழைப்பதைப் போன்றது அது. சொல் ஒன்றே என்றாலும் வாய் மாறினால் பொருள் மாறும்.

அடங்காப்பிடாரியை அடக்கும் கதையைச் சொல்லும் ஷேக்ஸ்பியரின் மற்றொரு நாடகத்தில் அதன் நாயகன் பெட்ரூச்சியோ புது மனைவியோடு வீடு திரும்பும்போது, அங்கவடியைப் பிடிக்கவும் குதிரையை வாங்கிக் கொள்ளவும் வாசலில் ஆளில்லையே என்று கத்திவிட்டு, வந்து நிற்கும் ஆட்களை மரமண்டைக் குரூம்கள் என்று திட்டுகிறான். குதிரையும் இருக்கிறது, வீட்டு வேலையும் இருக்கிறது, வசவும் இருக்கிறது. இத்தகைய இடங்களில் ஒரு பொருளைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்று வருந்த வேண்டாம். ‘வேலைக்காரர்கள்’ என்ற பொதுச்சொல்லே இங்குப் போதும்.

ஐந்தாம் படி: குதிரை உறுதியானபின், எந்த லாயம் என்று பாருங்கள்

18, 19ஆம் நூற்றாண்டுக் கதைகளுக்கு வந்துவிட்டால் குதிரைப் பணியாளருக்கே பல பெயர்கள் குறுக்கிடும். தனியார் வீட்டில் சம்பளத்துக்கு இருந்து குதிரைகளைத் தேய்த்துவிட்டு, தீனி வைத்து, எசமானர் வெளியே செல்லும்போது பின்னால் மற்றொரு குதிரையில் தொடர்பவரே ‘குரூம்’. வண்டியை ஓட்டுபவர் வேறு. வண்டி இழுக்கும் குதிரைகளுள் இடப்பக்கத்துக் குதிரை மீதே அமர்ந்து செலுத்தும் ‘போஸ்டிலியன்’ வேறு.

வழிப்போக்கர்கள் தங்கும் விடுதியில் வரும் குதிரைகளை ஏற்றுக் கவனிப்பவருக்கு ‘ஆஸ்லர்’ என்று பெயர். விடுதி நடத்துபவரைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த இப்பெயர், 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதியபோதும் விடுதிக்காரரையே குறித்தது. பிறகு ஒரு படி இறங்கி அவரிடம் வேலை பார்ப்பவருக்கு உரியதாயிற்று. 1784இல் இங்கிலாந்தில் அஞ்சல் வண்டிகள் ஓடத் தொடங்கிய பிறகு, ஏறத்தாழ ஒவ்வொரு 16 கிலோமீட்டருக்கும் குதிரைகளை மாற்ற வேண்டியிருந்ததால், சில நிமிடங்களில் பழைய குதிரைகளை அவிழ்த்துப் புதியவற்றைப் பூட்டும் ஆஸ்லர் இல்லாமல் பயணம் இல்லை என்றாயிற்று. பயணி உறங்கும்போது குதிரையின் ஓட்ஸ் தானியத்தை அவர் திருடுவார் என்ற சந்தேகமும் கூடவே வளர்ந்தது. 1785இல் வெளிவந்த பிரான்சிஸ் குரோசின் கொச்சைமொழி அகராதி ‘ஓட்ஸ் திருடி’ என்ற சொல்லுக்கு விடுதி ஆஸ்லர் என்றே பொருள் தருகிறது; இரு சொற்களும் ஆங்கிலத்தில் ஒலியால் நெருங்கியவை. 1830களில் தொடங்கிய ரயில் பாதைகள் நெடுஞ்சாலை விடுதிகளை வெறிச்சோடச் செய்தபோது இவர்களும் மறைந்தார்கள். இப்பெயரைத் தமிழாக்கும்போது சத்திரம் என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. காசு வாங்கிக்கொண்டு உணவும் மதுவும் விற்ற இடத்துக்கு நம் அறச்சத்திரத்தின் பெயர் பொருந்தாது. ‘விடுதி லாயக்காரர்’ என்றால் போதும்.

லாயத்திலிருந்து மேலேறிப் போன சொற்களும் உண்டு. படைத்தலைவரைக் குறிக்கும் ‘மார்ஷல்’ என்பதன் வேர்ப்பொருள் குதிரை ஏவலாள் என்பதே. ‘கான்ஸ்டபிள்’ லாய அதிகாரியைக் குறித்த இலத்தீன் தொடரிலிருந்து பிறந்தது. இடைக்கால நூல்களில் இவை வந்தால் காவலரையோ தளபதியையோ உடனே எண்ணிவிடாமல், காலத்தைச் சரிபாருங்கள்.

ஆறாம் படி: தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

மேற்கண்ட ஐயங்கள் தீர்ந்தபின் தமிழ்ச் சொல் தானே அமையும். அரண்மனை அறைகளில் இருப்பவருக்கு ‘அறைப்பணியாளர்’ அல்லது ‘பள்ளியறைப் பணியாளர்’. பெரிய வீட்டின் பொதுவேலையாளுக்கு ‘ஏவலாள்’. குதிரை உறுதியான இடத்தில் ‘குதிரைக்காரன்’. ‘சேவகன்’ என்ற சொல்லில் கவனம் தேவை. பழைய தமிழில் அது வீரனைக் குறிக்கும்; வரலாற்றுக் கதையில் அதைப் பயன்படுத்தினால் வாசகர் கையில் வாளோடு ஒருவரைக் கற்பனை செய்துவிடுவார். ‘பாகன்’ என்பதை யானைக்கும் தேருக்கும் விட்டுவிடுவோம்.

ஏழாம் படி: நூல் இந்தியாவில் நடக்கிறதென்றால்

ஆங்கிலேயர் இந்தியாவைப் பற்றி எழுதியவற்றில் ‘குரூம்’ குறைவாகவே வரும். வட இந்தியாவில் அரபு மூலத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்த ‘சைஸ்’ என்ற சொல்லும், பம்பாயில் ‘கோடாவாலா’வும் வழங்கின. சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் ‘ஹார்ஸ் கீப்பர்’ என்ற நேரடி ஆங்கிலமே புழங்கியது என்பதை, யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி பதிவு செய்கிறது. இச்சொற்களைக் கொண்டே எழுதியவர் எந்த மாகாணத்தில் வாழ்ந்தார் என்று ஓரளவு ஊகிக்க முடியும். ஒவ்வொரு குதிரைக்கும் குதிரைக்காரரோடு புல் அறுத்து வரும் ஆள் ஒருவரும் இருந்தார்; வடக்கில் இவர் ஆண் என்றும், தெற்கில் பெரும்பாலும் குதிரைக்காரரின் மனைவியே இவ்வேலையைச் செய்தார் என்றும் அதே அகராதி குறிக்கிறது. ஆகவே சென்னைப் பக்கத்து நினைவுக்குறிப்பு ஒன்றில் ‘கிராஸ் கட்டர்’ என்று வந்தால், அதைப் ‘புல்லறுப்பவன்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட வேண்டாம். அடுத்த வரியிலேயே தலையில் புற்கட்டோடு ஒரு பெண் வந்து நிற்கக்கூடும்.

‘சைஸ்’ மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றது. அங்குக் குதிரை வண்டியின் இடத்தைக் கார் பிடித்தபோது, காரோட்டிக்கும் அதே பெயர் தொடர்ந்தது. அந்நாட்டு 20ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் எசமானரின் சைஸ் வாசலில் காத்திருக்கிறார் என்று படித்தால், தமிழில் ‘டிரைவர்’ என்றே எழுதலாம்.